காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். பதிவுத் தபால் கவுண்டரில் உட்கார்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதில் பாதி நேரம் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தே போயிருக்கும். கண்ணாடியை மறந்து வந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள், எல்லாரும் என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். யாரையும் முகம் சுளித்து அனுப்பியதில்லை. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா.

என் மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பெண். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒன்பது வயதில் சொன்னாள். கார் ஏறிக் கால் ஒடிந்த ஒரு பூனைக்கு என் அளவுகோலை வைத்துக் கட்டுப் போட்டாள். அது பிழைத்து, ஆறு வருடம் எங்கள் வீட்டு சோபாவைக் குதறியது. அவள் கேட்ட கல்லூரியில் நாற்பது இடம்தான். முதல் வருடம் கிடைக்கவில்லை. இரண்டு முறைக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்பது அவர்கள் விதி. இரண்டாம் முறை காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். அதில் இவள்தான் முதல் ஆள். நாற்பத்தொன்று.

இடம் இல்லை என்று சொல்லியிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தட்டில் வைத்தது தட்டிலேயே காய்ந்தது. எட்டு நாள் தலை வாரவில்லை. என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், சாது. "விடும்மா, உலகத்துல வேற படிப்பா இல்ல?" என்றார். "நீங்க போங்கப்பா" என்றாள். போய்விட்டார்.

நான் மேல்முறையீடு எழுதினேன். மூன்று பக்கம். பூனையைப் பற்றிக்கூட எழுதி, பிறகு சிரிப்பார்களோ என்று அடித்துவிட்டு, மறுபடி சேர்த்து எழுதினேன். மருத்துவச் சான்று, பள்ளித் தலைமையாசிரியையின் கடிதம், எல்லாம் வைத்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களின் மேல்முறையீடு பரிசீலிக்கப்படாது, யாராவது இடத்தை ஏற்காவிட்டால் தெரிவிப்போம். இரண்டே வரி.

அதே தபால் பையில் அதே கல்லூரியிலிருந்து இன்னொரு உறையும் வந்திருந்தது. தடித்த உறை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கடை முகவரி. ஒரு பெண்ணின் பெயர். உள்ளே என்ன இருக்கும் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. பத்து நாளுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த விதிமுறைப் புத்தகம் எனக்கு மனப்பாடம்.

பதிவேட்டில் பதிந்தேன். அந்தத் தெருத் தபால்காரர் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர், நிரந்தரமாக்குவார்கள் என்று ஏழு வருடமாகக் காத்திருந்த மனிதர். அவர் எடுத்துப்போகும் தபால் கட்டுக்குள் அந்த உறையை நான் வைக்கவில்லை. "கதவு பூட்டியிருந்தது" என்று மூன்று வெவ்வேறு தேதியில் உறையின் மேல் எழுதி, அவர் கையெழுத்தைப் போட்டேன். அடுத்தவர் கையெழுத்தும் எனக்கு நன்றாக வரும். உறை வந்த பதினோராம் நாள் அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. என் சர்வீசில் ஒரு தபாலைக்கூட நான் சேதப்படுத்தியதில்லை.

பதினைந்தாம் நாள் என் மகளுக்குத் தடித்த உறை வந்தது. மதியமே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள், எழுந்து உட்கார்ந்தாள், "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எந்தத் தாயும் அழுவாள்.

மறுநாள் சலவைக்கடைப் பெண் என் ஜன்னலில் வந்து நின்றாள். ஒல்லியான பெண், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு மணிக்கட்டில்.

"மேடம், எனக்குக் காலேஜ்லேர்ந்து ரிஜிஸ்டர் தபால் வந்துச்சாம். வீடு பூட்டியிருந்துச்சுன்னு திருப்பிட்டாங்களாம். இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன். எங்க வீடே கடைதான் மேடம். அதுக்குக் கதவே கிடையாது, ஷட்டர்தான். காலைல ஆறு மணிக்குத் தூக்கினா ராத்திரிதான் இறங்கும்."

போஸ்ட்மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப்போன உறையின் நகலைக் கல்லூரியிலிருந்து வரவழைத்து, பதிலாக வந்த அந்தத் தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் அந்தத் தபாலை எடுத்துட்டே போகல சார்."

"அப்ப இது யாரு கையெழுத்து?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "என்னுது மாதிரிதான் சார் இருக்கு" என்றார். அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாவம், நல்ல உழைப்பாளி.

ஏழு நாளுக்குள் மேல்முறையீடு செய்தால் பார்க்கலாம் என்று கல்லூரியில் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார்கள். ஏற்றுக்கொண்டால் இடம் அவளுக்கே திரும்பும். கடைசியாகச் சேர்ந்தவர் மறுபடி நாற்பத்தொன்று ஆவார். என் மகள் அப்போது பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டுகூடப் பாடினாள்.

தவறு எங்கள் அலுவலகத்துடையது என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி போஸ்ட்மாஸ்டர் என்னிடமே சொன்னார். எழுதினேன். அவர் கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். அந்தப் பெண் தன் மேல்முறையீட்டை இரண்டு மதிய இடைவேளைகளில் என் கவுண்டர் ஓரத்தில் நின்றே எழுதினாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை, திருத்திக் கொடுத்தேன்.

"மாட்டுக்கு ஊசி போட இவ்ளோ பேப்பரா மேடம்? மாடே தேவலாம் போல" என்று சிரித்தாள். பிறகு, "ரயில்ல ஒரு பகல்தான். நேர்லயே கொண்டுபோய்க் குடுத்துடட்டா?" என்று கேட்டாள்.

"நேர்ல வாங்க மாட்டாங்கம்மா. ரிஜிஸ்டர்ல வந்தாதான் எடுத்துக்குவாங்க. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா மேடம்?"

"இருக்கா."

"என்ன படிக்கிறாங்க?"

"இனிமேதான்."

ரசீது போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு உறையை என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் பதினோரு மணிக்கு வந்து, "ஏதாவது வந்துச்சா?" என்பாள். இல்லை என்று தலையை ஆட்டுவேன். அது பொய்யில்லை. பத்தாம் நாள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேல்முறையீடு எதுவும் வரவில்லை, கெடு முடிந்துவிட்டது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். அவளுக்கும் அது இரண்டாம் முறை. அவளே கடிதத்தில் எழுதியிருந்தாள்.

"இங்கேர்ந்து போயிடுச்சும்மா. அங்கதான் எங்கயோ தொலைச்சிருப்பாங்க."

அவள் ரசீதை நான்காக மடித்தாள். "பரவால்ல மேடம். உங்களால ஆனதச் செஞ்சீங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்குப் போகும்போது சலவைக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவள் தன் கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டாள் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். நானும் உள்ளே போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே அந்த மேடம்? உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவா" என்றார். நான் பிற்பகல் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைசிவரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்து ஐந்து வாரம். விடுமுறைக்கு வந்தவள் குளிர்காலத் துணி தேடி என் அலமாரியைத் திறந்திருக்கிறாள். புடவைகளுக்கு அடியில் அந்த உறை இருந்தது. பெறுநர் முகவரியில் தன் கல்லூரி, அனுப்புநர் முகவரியில் செத்துப்போன ஒரு பெண். பிரித்துப் படித்தாள். என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா, இது எப்ப குடுத்தா?" நான் தேதியைச் சொன்னேன். உறையை எடுத்துக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். இடத்தையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். சின்னப் பெண், யோசிக்கவில்லை. வகுப்பு தொடங்கிவிட்டது, இனி அந்த இடம் யாருக்குமே உதவாது. அவளிடம் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

என் கணவரிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கல்லூரிக் குழுக்கள் மேல்முறையீடுகளைப் படிப்பதே இல்லை. இரண்டு வரியில் பதில் போடுவார்கள். அனுப்பியிருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை நாளும் இதை நினைத்துத்தான் தூங்கினேன்.

அப்படியானால் ஏன் அனுப்பவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீங்களே அதைப் படித்தீர்களே ஐயா. ஒரு சொல் அதிகம் கிடையாது. கெஞ்சவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. அந்தத் தபால்காரரைத் தண்டிக்க வேண்டாம் என்றுகூடக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். கூடவே முத்திரை வைத்த எங்கள் கடிதம். அதைப் படித்த யாரும் அவளுக்கு இடம் தராமல் இருக்க முடியாது. திருத்திக்கொண்டிருந்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது.