எலி கடித்த நூல்

உக்காருங்க மாப்பிள்ளை. பயப்படாதீங்க, நாற்காலி கடிக்காது. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாச்சு, படுக்கையெல்லாம் எரிச்சாச்சு. அந்தக் கைக்குட்டைய மூக்குலேர்ந்து எடுத்தீங்கன்னா நீங்க பேசுறது எனக்குக் கொஞ்சம் புரியும். உள்ள வேற தையல் மெஷின் கடகடன்னு ஓடுது. அவசரத் தையல், நிறுத்தச் சொல்ல முடியாது.

அவ கல்லறை எங்கன்னா? இருங்க, பூவெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கீங்க, அதுக்குள்ள வாடிடாது. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்.

கடையில நாங்க அவள எலின்னுதான் கூப்பிடுவோம், தெரியுமா? சொல்லியிருக்க மாட்டா. கட்டிக்கப்போறவர்கிட்ட எவ சொல்லுவா? கழுத்துல கத்திரி தொங்கும். ஆனா தையல் முடிஞ்சா, குனிஞ்சு பல்லாலதான் நூலக் கடிப்பா. டெய்லர் அண்ணன் திட்டாத நாளில்ல. உன் பல்லுக்கும் சேத்து சாணை பிடிக்கட்டுமாம்பாரு.

ஊரெல்லாம் அம்மை பரவி, நீங்க கப்பல்ல இடம் பிடிச்சு வந்து நின்னீங்களே, அன்னைக்கு ஒரு கோட்டு குடுத்தீங்கல்ல? ஆமா, இப்பப் போட்டிருக்கீங்களே, இதேதான். தொளதொளன்னு இருக்கு, பிடிச்சுக் குடுன்னீங்க. யாரு கோட்டுன்னு கேட்டா. சித்தப்பா ஆசையாக் குடுத்தாருன்னு சொன்னீங்க. நான் பக்கத்துல பட்டனுக்குக் காஜா எடுத்துட்டு இருந்தேன், என் காதுல விழுந்துச்சு. காலர்ல கடைசித் தையல் போட்டு அவ நூலக் கடிச்சப்ப, என்னடி கோட்டுக்கே முத்தமான்னு கேலி பண்ணினேன். அவளுக்கு வெக்கம் தாங்கல.

கப்பல் போன கொஞ்ச நாள்லயே அவளுக்கு உடம்பு கொதிச்சுது. அப்புறம் முகமெல்லாம் கொப்புளம். வீட்டுக்காரம்மா சாவியக்கூட எடுக்காம ஓடிட்டாங்க. நான் எங்க ஓடுறது? எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, இந்தத் தழும்பப் பாருங்க. பொணவண்டிக்காரன் தெனமும் வாசல்ல மணியடிச்சு, என்னம்மா, ஆச்சாம்பான். உன் வண்டிக்கு வேற ஆளப் பாருய்யான்னு வெரட்டுவேன்.

அப்பதான் உங்க சித்தப்பா வீட்டு சமையக்காரம்மா வந்து சொன்னாங்க. அந்த மனுஷன் அம்மையிலதான் போனாராம். சாகும்போது இதே கோட்டப் போத்திக்கிட்டுத்தான் கெடந்தாராம்.

அதுலேர்ந்து எனக்கும் எலிக்கும் ஒரே சண்டை. தெரிஞ்சேதான் குடுத்தான்டி பாவின்னு நான். தெரியாதுடி, தெரிஞ்சா என் கையில குடுப்பாரான்னு அவ. பாலை ஊட்டிக்கிட்டே உங்களத் திட்டுவேன். வாயத் தொறக்க முடியாத நெலமையிலயும் உங்களுக்கு வக்காலத்து வாங்குவா. உனக்கு அவர்மேல பொறாமைன்னு ஒரு வார்த்தை சொன்னா பாருங்க! இருக்கட்டும், எனக்குப் பொறாமைதான். பீத்துணி கசக்கினது நானு, நல்ல பேரு உங்களுக்கு.

அதான் கேக்குறேன். தெரியுமா, தெரியாதா?

தெரியாதா. சத்தியமா? சித்தப்பா எதுல போனாருன்னே தெரியாதா? சரி, நம்புறேன். நான் கோவக்காரி, எதையும் தப்பாத்தான் நினைப்பேன்.

ஆனா ஒண்ணு புரியல. இதே கோட்ட மாட்டிக்கிட்டுத்தானே கப்பலேறினீங்க? உங்களுக்கு மட்டும் ஒரு கொப்புளம்கூட வரலையே, எப்படி? என்ன மாய மந்திரம்?

என்னது? கந்தகப் புகையா? துணியில ஒட்டின நோயக் கொல்லப் போடுவாங்களே, அதா?

எப்போ? துறைமுகத்துல எல்லாருக்கும் போட்டாங்களா? ஓ, இல்ல. நீங்களாவே. கடையிலேர்ந்து வாங்கின கையோட நேரா புகை போடுறவன்கிட்ட கொண்டு போய்க் காட்டிட்டுத்தான் மாட்டிக்கிட்டீங்க.

கெட்டிக்காரர்தான்.

ஆசையாக் குடுத்த கோட்டுக்குப் புகை எதுக்கு மாப்பிள்ளை? சரி, போட்டதுதான் போட்டீங்க, அவ மடியில போடுறதுக்கு முன்னாடி போட்டிருக்கக் கூடாதா? ஏன் தலையக் குனியறீங்க? காலரப் பாக்குறீங்களா? நல்லாப் பாருங்க. அவ்வளவு பொடித் தையல் இந்த ஊர்லயே எவளுக்கும் வராது.

மெஷின் நின்னுடுச்சே, கவனிச்சீங்களா? இவ்வளவு நேரமா ஓடிச்சு, உள்ள யாரு தைக்கிறான்னு ஒரு வார்த்த கேக்கல நீங்க.

கேட்டுச்சாடி, எலி?

பூவையும் எடுத்துட்டுப் போங்க. ஒரு கண்ணுதான் போச்சு அவளுக்கு, காது நல்லாவே கேக்குது. இந்தச் சத்தமா? கத்திரி. இப்பல்லாம் நூலக் கத்திரியாலதான் வெட்டுறா.