மேல்மாடிக்குப் போன செய்திகள்

மாத்தளையில் இடி இடித்தால் முதலில் போவது கரண்ட் அல்ல, டெலிபோன் லைன். எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்லுவேன். வானம் கறுத்தால் முதலில் வயரைக் கழற்றுங்கள், பிறகு கொடியில் காயும் உடுப்பை எடுங்கள் என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். பிறகு கருகிய இன்டர்நெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கே வருவார்கள்.

மத்தியஸ்த சபையார் நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் என் மனைவி சுசீலாதேவி இடையில் அழுவாள், நான் விட்ட இடத்தை மறப்பேன். ஆகவே எழுதித் தருகிறேன். நான் தில்லையம்பலம், இளைப்பாறிய படவரைஞர். வடமராட்சியிலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவன். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த மனிதன். என்னைப் பற்றி யாரும் எங்கேயும் ஒரு முறைப்பாடு சொன்னதில்லை, தேவி உங்களிடம் வரும்வரை.

எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள். கீழே என்னுடையது, மேல்மாடியில் தேவியுடையது. தரையில் ஓட்டை போட்டு ஒரு கேபிளால் இரண்டையும் நானே இணைத்தேன். வெளியிலிருந்து வருவது எல்லாம் முதலில் என் கணினிக்கு வரும், அங்கிருந்து மேலே போகும். டெலிபோன் பில்லுக்குப் பயந்து மின்னஞ்சல்களை ஒரே மூச்சில் இறக்கி வைத்துப் படித்த காலத்து ஏற்பாடு அது. வேகமான இணைப்பு வந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை ஏன் நோண்ட வேண்டும்?

அது 2009. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. தேவியின் தங்கை தவமணிதேவியும் அவளுடைய ஒன்பது வயது மகள் ஆரணியும் அங்கே அகப்பட்டிருந்தார்கள். தேவி விடிந்தது முதல் கணினிக்கு முன்னால்தான். செய்திப் பக்கங்களைத் திருப்பித் திருப்பித் திறப்பாள். சாப்பாடு இறங்காது. பிரஷர் ஏறும். சோறு வடிப்பதும் நான், மருந்து கொடுப்பதும் நான்.

பங்குனிக் கடைசியில் அடித்த மழையில் பலாமரக் கொப்பு ஒன்று முறிந்து லைனில் விழுந்தது. ஒழுங்கை முழுவதற்கும் போனும் இல்லை, இணையமும் இல்லை. ஊரெல்லாம் லைன் அறுந்திருப்பதால் நாளாகும் என்றார்கள். தேவி பைத்தியம் பிடித்தவள் போல் ஆனாள். முழங்கால் வலியோடு டவுனுக்கு இறங்கி ஏறவும் அவளால் முடியாது.

அப்போதுதான் நான் யோசித்தேன். வெளி லைன்தானே இல்லை, வீட்டுக்குள் இருக்கிற இணைப்புக்கு என்ன குறை? காலையில் டவுனுக்குப் போய், சாலிஹ் வைத்திருந்த கொம்யூனிகேஷன் கடையில் செய்திப் பக்கங்களையும் மின்னஞ்சல்களையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவேன். என் கணினியில் போடுவேன். தேவி மேலே வழக்கம்போல் தட்டுவாள், வழக்கம்போல் பக்கம் திறக்கும். லைன் இல்லை என்பதே அவளுக்கு மறந்துபோகும். சாலிஹ் ஒருநாள் சொன்னான்:

"சேர், நீங்க வீட்டுக்குள்ளயே தனியா ஒரு இன்டர்நெட் கட்டிட்டீங்களே."

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்ற நேரமும் இல்லை, இடமும் இல்லை. முதலில் படங்களை விட்டேன். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். பிறகு சில தலைப்புகளை விட்டேன். தேவி நித்திரை கொள்ளத் தொடங்கினாள். ஒரு மாலை மேலேயிருந்து அவள் தேவாரம் பாடுகிற சத்தம் கேட்டது. நான் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கனடாவில் இருக்கும் அவள் தம்பி சிவராசாவின் மின்னஞ்சல் அந்தக் கிழமைதான் வந்தது. தவமணி ஷெல் விழுந்து செத்துப்போனாள். ஆரணிக்குக் காலில் காயம், பொலன்னறுவைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தனியாகக் கிடக்கிறாள். அங்கே தமிழ் பேச ஆள் இல்லை. நோயாளிகளைப் பார்க்க வரும் கன்னியாஸ்திரி ஒருவர் பிள்ளையிடம் விசாரித்து அவனுக்கு அறிவித்திருந்தார். மாத்தளையில் பெரியம்மா டீச்சர் என்று பிள்ளை சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். உறவென்று யாராவது வந்து நின்றால் கூட்டிப் போக வழி செய்யலாம், யாரும் வராவிட்டால் எந்த முகாமுக்கு அனுப்புவார்களோ தெரியாது, உடனே போங்கள் என்று எழுதியிருந்தான்.

எனக்குக் கண் கலங்கியது. சாலிஹ் ஒரு கிளாஸ் பிளேன்டி வாங்கிக் கொடுத்தான். அந்த மின்னஞ்சலை நான் பென்டிரைவில் ஏற்றவில்லை. இன்றைக்குத் தேவி நிம்மதியாகச் சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அவள் நிம்மதியாகத்தான் சாப்பிட்டாள்.

ஒரு நடைமுறை விஷயத்தையும் சபையார் யோசிக்க வேண்டும். தமிழ் வீட்டில் ஒரு விருந்தாளி இரவு தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. வன்னியிலிருந்து, காலில் ஷெல் துண்டோடு ஒரு பெண்பிள்ளை வந்தால் என்னென்ன கேட்பார்கள்? யாருடைய பிள்ளை, தகப்பன் எங்கே, எதில் இருந்தான்? வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகும். ஆனால் நான் சொல்லாமல் விட்டதற்கு இது காரணம் அல்ல. காரணம் தேவியின் பிரஷர்.

கையடக்கத் தொலைபேசி வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. சிவராசா அதற்கு எடுத்தான்.

"அத்தான், போனனீங்களோ? பிள்ளையைப் பாத்தனீங்களோ?"

"அதுக்குத்தான் ஆயத்தப்படுத்திறன். இது சரியா விளங்குதில்லை தம்பி. நீர் மெயில் போடும்."

"பெரியக்காவிட்டைக் குடுங்கோவன்."

"அவ கோயிலுக்குப் போட்டா."

அவன் அவசரக்காரன். நீங்கள் போக முடியாவிட்டால் திருகோணமலையில் இருக்கும் சிநேகிதனை அனுப்பட்டுமா என்று எழுதினான். மூன்றாம் மனிதரைக் குடும்ப விஷயத்தில் இழுப்பது சரியல்ல. தேவியின் பெயரில் நானே பதில் எழுதினேன். ஆரணியைப் பார்த்துவிட்டோம், காயம் ஆறிவருகிறது, விடுகிற அன்றைக்கு நாங்களே கூட்டிவருவோம், வேறு யாரையும் கரைச்சல்படுத்தாதே. அவன் நன்றி சொல்லி எழுதினான். சிநேகிதனை அனுப்பவில்லை.

அப்படியே மேல்மாடிக்கும் சிவராசாவின் பெயரில் ஒன்று அனுப்பினேன். சின்னக்காவும் ஆரணியும் பத்திரமாக முகாமுக்கு வந்துவிட்டார்கள், கொஞ்ச நாளைக்கு யாரையும் பார்க்க விடமாட்டார்கள். தேவி படியில் இறங்கி ஓடிவந்தாள், அந்த முழங்காலோடு. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலில் தங்கையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தாள். தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அவளை அவ்வளவு மகிழ்ச்சியாகக் கண்டு வருஷக்கணக்காகியிருந்தது.

மே மாத வெசாக் பண்டிகைக்கு முன்னரே லைனைக் கட்டிவிட்டார்கள். நான் வயரைச் செருகவில்லை. பெட்டி இடியில் எரிந்துவிட்டது, புதிது கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று தேவியிடம் சொன்னேன். என்னைப் போல வயரைக் கழற்றி வைக்கிறவனுடைய பெட்டி எப்படி எரியும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு றம்லா. வட்டிலப்பம் கொண்டுவந்தவள், வாயையும் கொண்டுவந்தாள்.

"என்ன டீச்சர், உங்கட லைன் இன்னும் சரியில்லையா? எங்கட போன் வெசாக்குக்கு முந்தியே வந்துட்டே. ஒரே போஸ்ட்ல இருந்துதானே ரெண்டு வீட்டுக்கும் லைன் வருது."

நான் அப்போது டவுனில் இருந்தேன். வந்து பார்க்கும்போது தேவி என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயரைச் செருகியிருந்தாள். சிவராசாவுடையவை, அவன் அனுப்பிவைத்த அந்தக் கன்னியாஸ்திரியின் கடிதங்கள், நான் அவள் பெயரில் எழுதியவை, எல்லாம் திறந்து கிடந்தன. அவள் என்னை ஏசவில்லை. சேலை மாற்றிக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஆரணி இல்லை. உரிமை கேட்டு யாரும் வராததால் ஒரு கூட்டத்தோடு ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். எந்த முகாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. கன்னியாஸ்திரியும் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். இன்றுவரை ஆரணி கிடைக்கவில்லை. தேவி இப்போது சிநேகிதி சந்திரவதனாவோடு இருக்கிறாள். மாதத்தில் பாதி நாள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைகிறாளாம். அவளுடைய பிரஷர் என்னவாகுமோ என்பதுதான் என் கவலை.

அவள் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். வீடு வேண்டாம், செலவுக்குக் காசு வேண்டாம். ஆரணியைப் பற்றி இவருக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கேட்டீர்கள். சொல்லுகிறேன்.

நான் பொய் எழுதிப் பழக்கமில்லாதவன். பிள்ளையைப் பார்த்துவிட்டோம் என்று சிவராசாவுக்கு எழுதியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதியதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று, தம்புள்ளைக்கு மரக்கறி விதை வாங்கப் போவதாகத் தேவியிடம் சொல்லிவிட்டு, பொலன்னறுவைக்குப் போனேன்.

ஆரணி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். நல்ல காற்று. காலில் கட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. தேவியின் நெற்றி அப்படியே. அந்தக் கன்னியாஸ்திரி, சிஸ்டர் மரியாயி, மலைநாட்டுப் பெண் போலும், ஆசையாக ஓடி வந்தார்.

"ஐயா, மாத்தளையிலயிருந்து வர்றீங்களா? டீச்சர் வரலீங்களா? பிள்ளை தெனமும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

நான் நின்ற வாசலிலேயே ஒரு சிப்பாய் இருந்தான், உள்ளே போகிறவர்களின் அடையாள அட்டையைப் பதிய. நான் என்னுடையதை இன்னும் எடுக்கவில்லை.

ஆரணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் என்னை முன்பு நேரில் கண்டதில்லை, தாய் வீட்டில் எங்கள் கல்யாணப் படம் இருந்திருக்க வேண்டும். "பெரியப்பா" என்றாள்.

"வேற ஆள் தேடி வந்தனான், சிஸ்டர். இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது" என்றேன்.

"உங்களை பெரியப்பான்னு கூப்பிடுதே?"

"பாவம், எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடும் போல."

சிஸ்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிள்ளை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பின்னேர பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஆரணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் என்னை ஒரு தரம்தான் கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தால் நான் நிச்சயமாக மனம் மாறியிருப்பேன் என்பதையும் சபையார் பதிந்துகொள்ள வேண்டும்.