இரண்டு கைகளாலும்

"மேடம், இதுல இறால் இல்லியே?"

"உனக்குன்னு தனியா போட்டது, தமிழினி."

ஒவ்வொரு வருடமும் கல்லூரிக் கொரியப் பண்பாட்டு விழாவில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு இது. கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு உப்பில் ஊறிய குட்டி இறாலை அரைத்துச் சேர்க்க வேண்டும். சத்துவாச்சாரியில் என் வீட்டில் நானேதான் செய்வேன். அவள் பங்கில் மட்டும் இறால் சேர்க்க மாட்டேன். மாணவியாக வந்த புதிதில் ஒரு வாய் தின்றதற்கே அவளுக்கு உதடு தடித்து மூச்சு வாங்கியது. ஓரிரு நாள் மருத்துவமனையில் படுத்துத் தேறிவிட்டாள். "ருசி ஜாஸ்திதான் மேடம், உயிர்தான் கம்மியாப் போச்சு" என்று சிரித்தாள்.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் சொல்கிறேன், சார். ஒரு மொழித் துறையை உருவாக்குவது குடும்பத்தைக் கட்டிக் காப்பது மாதிரிதான். கொரியாவிலிருந்து வந்த ஆசிரியர் வேலூர் வெயில் தாங்காமல் திரும்பிவிட்டார். தோல் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெற்றோர், இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார்கள். கொரியக் காலணிக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பாளர் ஆகலாம் என்று பேரணாம்பட்டில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தமிழினி அப்படிக் கிடைத்தவள். படித்து முடித்து எனக்குத் துணையாக வகுப்பெடுத்தாள். இரண்டு ஆசிரியர்கள் இல்லாவிட்டால் துறையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

அவளுக்குக் கொரியாவின் பூசான் நகரில் மேற்படிப்பு கிடைத்தது. விழாவுக்கு மறுநாள் விமானம். வாழ்த்தினேன், ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்தேன். போகாதே என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் தன்னலமாகத் தெரியும்.

விமானம் தவறினால் போதும் என்றுதான் நினைத்தேன், இன்ஸ்பெக்டர் சார். ஓரிரு நாள் படுக்கை, அவ்வளவுதான். அவள் பங்கிலும் இறாலை அரைத்துச் சேர்த்தேன்.

பெரியவர்கள் தருவதை இரண்டு கைகளாலும் வாங்க வேண்டும், மறுக்கக் கூடாது என்பது கொரிய வழக்கம். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். கிண்ணத்தை அப்படியே வாங்கிக்கொண்டாள். அந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை.

இம்முறை அவள் தேறவில்லை. இறப்பதற்குச் சற்று முன்பு, "நீங்க கூப்பிட்டா எழுந்துக்குவா மேடம்" என்று அவளுடைய அம்மா செல்லம்மாள் என்னை உள்ளே அனுப்பினார். வாயில் குழாயோடு கிடந்தாள். அவள் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"போகாத, தமிழினி. ஜூன்ல கிளாஸ் ஆரம்பிக்குது."