சங்கிலி இல்லாத கதவு

கணினியில் படம் திருத்தும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிற லேயருக்குப் பெயர் வைக்காதவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் ஸ்டூடியோவில் ஒருவர் இருக்கிறார். அவர் படத்தைத் திறந்தால் லேயர் ஒன்று, அதன் நகல், நகலுக்கு நகல். பெற்ற பிள்ளைகளை ‘ஏய்’, ‘ஓய்’ என்று கூப்பிடுவது போல. நானோ மூக்கின் நிழலுக்குக்கூட ‘மூக்கு நிழல்’ என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவேன்.

ஆகவே, போலீஸ் ஐயா, நீங்கள் விசாரிக்கும் படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தையல் ஆலை மேலாளர் கொண்டுவந்தது. மூன்றாம் மாடியின் அவசர வழிக் கதவு. குறுக்கே சங்கிலி, நடுவில் பூட்டு. யாரோ புகார் கொடுத்திருந்ததால் கதவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் தொழிற்சாலை ஆய்வாளர்.

“சங்கிலியக் கழட்டிட்டே எடுத்திருக்கலாமே சார்?”

“கழட்டினா துணியத் திருடி வெளிய கொண்டு போயிடுவாங்க. நீங்க படத்துல கழட்டுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. கதவின் பச்சையை எடுத்துச் சங்கிலி மேல் பூசினேன். அந்த லேயருக்குப் பெயர் ‘சங்கிலி மறைப்பு’. பூட்டு உரசிய கீறல்களுக்குத் தனி லேயர். பிறகு எல்லா லேயரையும் ஒன்றாக மெர்ஜ் செய்தேன். அதற்குப் பிறகு அது பாலில் கலந்த தண்ணீர். எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது.

புகார் கொடுத்தவள் என் அக்கா. அந்த மாடியில்தான் காலர் தைத்தாள். அது எனக்குத் தெரியும். மறுவாரம் போனை நீட்டினாள்.

“சங்கிலியே இல்லன்னு இந்தப் படத்தக் காட்டுறாங்கடா. நான் பொய் சொல்றேனாம். இதுல ஏதாவது பண்ணியிருக்காங்களா, பாத்துச் சொல்லேன்.”

பெரிதாக்கிப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை.

“சுத்தமான படம்க்கா. நீ மொதல்ல கண்ணாடிய மாத்து.”

அவள் புகாரைத் திரும்பப் பெற்றாள். பத்தாம் நாள் மதியம் ஆலையில் தீப்பிடித்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்பது பேர் கிடந்தார்கள். அக்கா கதவை ஒட்டி இருந்தாள், எங்கேயும் முந்திக்கொள்கிறவள்.

அக்கா வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டிய அவள் படத்தை நான்தான் செய்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுத்தேன். அக்கா வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உசுரோட இருந்தப்பகூட இப்படிப் பாத்ததில்லடா” என்று அழுதார்.

சங்கிலியை மறைத்தது நான்தான். கேட்டவளிடம் தெரிந்தே பொய் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அக்கா படத்துக்கு நான் ஒரு காசும் வாங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூடப் பிறந்தவன் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?