தாமியாவின் தண்டனையை எங்கள் ஊரே தரட்டும்

என் பெயர் மெல்ச்சோரா குவாமான். வயது எழுபத்தொன்று. எக்குவடோர் நாடு, சிம்பொராசோ மாகாணம், யாக்குபம்பா மலையூரில் உருளைக்கிழங்கு பயிர் செய்து வாழ்கிறேன். நகரத்து இளையோர் காப்பகத்தில் இருக்கும் தாமியா, வயது பதினேழு, என் மகள் வயிற்றுப் பேத்தி.

போன மாதம் சந்தையில் தாமியாவும் அவளோடு படிக்கும் வில்மரும் ஒரே கஞ்சாப் பொட்டலத்தை வாங்கிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வில்மர் நடந்து ஊருக்கு வந்து ஊர்க்காவலரிடம் பிடிபட்டான். தாமியா நகரத்துப் பேருந்து நிலையத்தில் போலீசிடம் அகப்பட்டாள். அதன் பிறகு வில்மரை, எங்கள் பழங்குடி வழக்கப்படி தீர்ப்புச் சொல்லும் ஊர்ச்சபை முன் நிறுத்தி, ஞானஸ்நானத்தில் அவனை ஏந்திய ஞானப்பெற்றோரே பனித்தண்ணீர் ஊற்றி, காஞ்சொறிச் செடியால் அடித்து, புத்தி சொல்லி, வாய்க்கால் வேலையில் விட்டார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். என் பேத்திக்கு ஒரு வருடம் அடைப்பு என்கிறார்கள். அவள் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. காப்பகத்தில் பார்த்தபோது, "வில்மருக்கு முடிஞ்சுபோச்சா பாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு, ஊர்ச்சபை கேட்டால் தாமியாவை அதனிடம் அனுப்புவது பற்றி யோசிக்கலாம் என்று இந்த நீதிமன்றத்தில் சொன்னார்கள். சபைத் தலைவியோ, "ஞானத்தகப்பன் வந்து நின்னாத்தான் புள்ளைய ஏத்துக்குவோம். நாளைக்கு அவ தப்புப் பண்ணினா அவருதான பதில் சொல்லணும்" என்றாள். தாமியாவின் ஞானத்தகப்பன் அசென்சியோ லேமா. அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது, வறட்சியில், என் முறைத் தண்ணீரை அடைத்துத் தன் வெங்காயத்துக்குத் திருப்பியவன். என் கிழங்கெல்லாம் கருகியது. அன்று முதல் அவனோடு பேசியதில்லை. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்ததுமில்லை.

அதன் பிறகு நேற்றுக் காலை அவன் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான்.

"அடேயப்பா, மெல்ச்சோரா அக்கா! வழி தவறி வந்துட்டியா?"

"உன் மூஞ்சியப் பாக்க வரலடா. உன் ஞானமகளுக்காக வந்தேன். வந்து நில்லு."

"கேக்கறத கொஞ்சம் நல்லாத்தான் கேளேன்."

"இதுக்கு மேல எனக்கு வராது."

சிரித்தான். பிறகு, "ஞானஸ்நானத்தன்னிக்கு என் கையில ஒண்ணுக்குப் போனவ. அவ மேல எப்படிக்கா நான் பனித்தண்ணி ஊத்துவேன்?" என்று கண்ணைத் துடைத்தான். வெங்காயம்தான் என்றான்.

இப்போது அவன் சபைத் தலைவியோடு வெளியே நிற்கிறான். எங்கள் தண்டனை லேசானது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரே பார்க்க அவள் நடுங்குவாள், அழுவாள். ஆனால் தண்ணீர் ஊற்றியவனே போர்வையும் போர்த்துவான். அன்று இரவு அவள் என் பக்கத்தில் தூங்குவாள்.

இவ்வளவும் நான் கண்டதும் செய்ததும்தான். வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. அசென்சியோ மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை என்பதையும் என் சொற்படியே எழுதியிருக்கிறார்கள்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
மெல்ச்சோரா குவாமான்