லைட்டு டிக்கெட்டு

ஹலோ... அக்கா? ஸ்டேண்டுலதான் இருக்கறேன், ஆட்டோவை ஓரங்கட்டிட்டேன். எட்டு மிஸ்டு கால் இருக்குது, என்னாச்சு? ... ஆமா... ஆமா, அந்த வீடியோதான்... அப்பா பாத்துட்டாரா? யாரு காட்டுனது? ... போச்சு.

இல்லக்கா, கேளு. நீ கத்துனா நான் எப்படிச் சொல்றது? பெங்களூர்ப் பொண்ணு ஒருத்தி அரண்மனைகிட்ட ஏறுனா. டூரிஸ்ட்டு வந்தா நாங்க டிரைவருங்க 'லைட்டு டிக்கெட்டு வருது பாரு'ன்னு பேசிக்குவோம், அது அவ காதுல விழுந்திருக்குது. அப்படின்னா என்னன்னு சும்மா கேட்டா... தெரியும், தெரியும், அவ படம் புடிக்கறாள்னு தெரியும். ஏமாளி டூரிஸ்ட்டுக்கு நாங்க வெச்ச பேருன்னேன். அதோட நிறுத்தியிருக்கோணும். ... ஆமா. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா. சொல்லிட்டேன்.

பேரு சொல்லலக்கா. எங்கப்பான்னும் சொல்லல. ஹனூர்ப் பக்கமிருந்து ஒருத்தர் தசராவுக்குக் குடும்பத்தோட வந்தாரு, ரோட்டுல நின்னாலே தெரியற அரண்மனை லைட்டைப் பாக்கறதுக்கு எவனோ டிக்கெட்டுன்னு வித்தான், அஞ்சு பேருக்கும் வாங்கி வரிசையில நிக்க வெச்சாருன்னு... அவ்வளவுதான். ... மஞ்சத் துண்டா? ... ம், தோள்ல மஞ்சத் துண்டு போட்டிருந்தாருன்னு அதையும் சொன்னேன். வாயில வந்துருச்சு.

அப்ப அது ஏமாத்துனதுன்னே அவருக்கு இத்தன வருசமாத் தெரியாதா? ... ஆமா, ஊரெல்லாம் சொல்லுவாரே, 'டிக்கெட்டு எடுத்துப் புள்ளைங்களுக்கு லைட்டு காட்டுனவன் நானு'ன்னு. ... எனக்கா? வண்டி ஓட்ட வந்த மொத வாரமே தெரியும். அவருகிட்ட எந்த வாயால சொல்றது?

காலையில இருந்தே சாப்பிடலையா? ... பெட்டியில வெச்சிருந்ததைக் கிழிச்சுட்டாரா? அஞ்சு டிக்கெட்டையுமா? ... அழாதக்கா. போனை அவருகிட்டக் குடு. வாங்கலைன்னா காதுகிட்ட வெய்யி.

அப்பா... நான் காளிதாஸ் பேசறனுங்க. ... அது யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாதுங்க. ... ம்... ம்... வீடியோவை அழிக்கச் சொல்லிட்டனுங்க. ... தப்புத்தானுங்க. ... என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு போகுது. ... ஸ்டேண்டுலயா? ஆமாங்க, புதுசா எவனாச்சும் வந்தா அந்தக் கதையச் சொல்லுவாங்க. ... சிரிப்பாங்கதான்.

... நானுங்களா?

... எங்கப்பான்னு தெரிஞ்சிரக் கூடாதுன்னு... இல்லீங்க, நான்... ஆமாங்கப்பா. நானுஞ் சிரிச்சேன். எல்லாரையுங் காட்டியும் சத்தமாச் சிரிச்சேன்.

... அப்பா? ... ஹலோ... அப்பா?