அஞ்சு வருசப் பாய்

— நோய் திரும்பி வரல, இனி பயமில்லன்னு டாக்டரு சிரிச்சிக்கிட்டே சொல்றாரு. நீ என்னடான்னா மிச்ச மாரையும் எடுத்துருங்கன்னு கேக்குற. கிறுக்காலா உனக்கு, இருளாயி?

— கேட்டேன். இப்ப என்னாங்கிறீங்க?

— மெதுவாப் பேசு. பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேரு நம்ம பீடோர் ஆளுங்க.

— கேக்கட்டும். அன்னிக்கே முழுசா எடுத்திருந்தா ஒரே நாளு வலி. கட்டிய மட்டும் எடுக்கலாம், ஆனா கோலாலம்பூருல ஆறு வாரம் கதிர்க் கரண்டு வைக்கணும்னாரு டாக்டரு. தங்கச்சி வீட்டுல கெடந்து, தோலு கருகக் கருகப் போயிட்டு வந்தேன். யாருக்காக?

— உனக்காகத்தான்.

— எனக்கென்னாத்துக்கு? மூணு புள்ளைங்க பால் குடிச்சு வளந்தாச்சு. உங்களுக்காகங்க! நீங்க ஆசையாத் தொட்ட ஒடம்பு, கொறையாம உங்ககிட்டயே வரணும்னு. வந்த அன்னிக்கே பாயச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டீங்க.

— அது... ஷிப்டு வேல, உன் தூக்கம் கெடக் கூடாதுன்னு...

— சும்மா இருங்க. நீங்க பொரண்டு படுக்கிறது உள்ள எனக்குக் கேக்கும். இந்தா எந்திரிச்சு வந்துருவாருன்னு, தழும்பு தெரியாம வெளக்க அணைச்சிட்டுக் கெடப்பேன். அஞ்சு வருசமா! அருவருப்புன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?

— ஐயோ, அருவருப்பா? என்ன பேச்சுலா இது?

— அப்ப வேற எவளாச்சும் இருக்காளா?

— முருகன் மேல சத்தியமா இல்ல. அவருகிட்டதான் நேந்துக்கிட்டேன்.

— என்னான்னு?

— அஞ்சு வருசம் தாண்டிட்டா தேறிருவன்னு டாக்டரு அன்னிக்குச் சொன்னாருல்ல. நேரா கல்லுமலைக் கோயிலுக்குப் போனேன். அதுவரைக்கும் பொண்டாட்டியத் தொடாம வெரதம் இருக்கேன், அவள மட்டும் எனக்கு விட்டுருன்னேன். வெளிய சொன்னா பலிக்காதுன்னு வாய மூடிக்கிட்டேன். நீ மட்டுந்தான் ஏங்குனியா இருளாயி? கதவு வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கேன்.

— ...அடப்பாவி மனுசா.

— அழாதலா. ஆளுங்க பாக்குறாங்க.

— ரெண்டு பொண்டாட்டியோட நிக்கிற சாமிங்க அது! அதுகிட்டக் கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒரே வருசம் போதும், உங்க பக்கத்துல படுத்திருந்துட்டுப் போயிடுறேன்னு சொல்லியிருப்பேனே.